வழக்கமானதுதானே?

ஆரின் லுண்டுக்குப் பிப்ரவரியில் இதய வால்வை மாற்றினார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் வாய் பிளந்து தூங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் மார்லிஸ் அந்த முடிவுக்கு வந்தாள். இந்த மனிதனை இன்னொரு தடவை பீவர்டெயில் ஏரிக்குக் கூட்டிப்போய்விட வேண்டும்.

அவர்கள் வடக்கே காட்டுப்பக்கம் போய்ப் பல வருஷமாகிவிட்டது. போகாமல் போனது அவளால்தான். அதற்கு முன்பெல்லாம் ஒரு கோடை தவறியதில்லை. ஜூலை மாதம் தங்கள் ஊரான ஓஷ்கோஷிலிருந்து விடியற்காலையில் கிளம்புவார்கள். காருக்குப் பின்னால் படகு, முன்னால் ஆரினும் மார்லிஸும், பின்சீட்டில் காலை நீட்டிப் படுத்தபடி மகன் கர்ட்டிஸ்.

கடைசிக் கோடையில் கர்ட்டிஸுக்குப் பதினெட்டு வயது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் இருக்கும் பெல்கி சப்பர் கிளப் என்ற சாப்பாட்டு விடுதியில் மூன்று பேரும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். முதலாளியின் மகன் டுவேன் பெல்கி, கர்ட்டிஸைவிட நாலைந்து வயது மூத்தவன், அந்த வாரம் முழுக்க அவனோடு சுற்றியவன், மேசைக்கு வந்து புது மோட்டார் படகில் ஒரு சுற்று போய்வரலாமா என்று கூப்பிட்டான். அப்பனுடைய பாரில் மத்தியானத்திலிருந்தே அவன் குடித்துக்கொண்டிருந்தது இவர்களுக்குத் தெரியாது. ஏரி நடுவில், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே கிடக்கும் பாறைத்திட்டில் படகு முழுவேகத்தில் ஏறியது. டுவேனுக்குத் தோள்பட்டை முறிந்தது. கர்ட்டிஸை மறுநாள்தான் எடுத்தார்கள்.

டுவேன் சிறைக்குப் போனான். லுண்ட் தம்பதி வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டில் அதற்கப்புறம் கர்ட்டிஸ் என்ற பெயர் காதில் விழவில்லை. யாராவது எடுத்தால் மார்லிஸுக்கு மூச்சு அடைத்தது. எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். ஆரின் தொடக்கத்தில் சில முறை முயன்று பார்த்தான், பிறகு விட்டுவிட்டான். வருஷத்துக்கு ஒருமுறை நவம்பரில், பெரியப்பா மகன் ராயோடு மேற்கே மிசிசிப்பி ஆற்றுப் பக்கம் மான் வேட்டைக்குப் போவான். மற்றபடி அவன் எங்கேயும் தனியாகப் போகிறவன் இல்லை.

ஏரிக்குப் போகலாம் என்று அவள் சொன்னபோது ஆரின் சூப் கரண்டியைக் கீழே வைத்தான்.

"நீ வருவியா?"

"நான்தானே கூப்பிடறேன்."

"இல்ல மார்லிஸ், உன்னால முடியுமான்னு கேட்கறேன். அந்தப் பெல்கி பக்கமெல்லாம்…"

"அங்க யாரு போகப்போறா? ஏரி பெரிசு. அந்தக் கோடியில ஒரு கேபின் பிடிச்சா ஆச்சு."

அவன் சூப்பைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அவனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, அதனால்தான் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்தாள்.

ஜூலையில் போனார்கள். கேபின் எதிர்க்கரையில், பைன் மரங்களுக்குள் ஒடுங்கிக் கிடந்தது. முதல் நாள் மார்லிஸ் படகுத்துறைக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. லூன் பறவை ஒன்று முங்கி வேறெங்கோ எழுந்தது. அரைமணி நேரம் நின்று பார்த்தபின், நிற்க முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

சமைப்பதில்லை என்று ஊரிலிருந்தே பேசி வைத்திருந்தார்கள். ஒருநாள் பெட்ரோல் பங்க்குக்குப் பக்கத்து பாரில் ஹாம்பர்கர் தின்றார்கள்; பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டு ஒருவரையொருவர் ஏமாற்றுக்காரன் என்று திட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னொரு நாள் சதுரம் சதுரமாக வெட்டிய மெல்லிய பிட்சா. ஒருநாள் காரிலிருந்து இறங்காமலே பொரித்த கோழியும் ரூட் பியர் என்னும் சோடாவும். ஆரின் முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மார்லிஸ் கண்டும் காணாததுபோல் இருந்தாள். ஊருக்குள் நுழையும் இடத்தில் பழைய மரப்பாலத்தை எடுத்துவிட்டு, சற்றுத் தள்ளிப் புதிதாகக் கான்கிரீட் பாலம் கட்டியிருந்தார்கள். ஆரின் அது வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, சரியான இடத்தில் வண்டியைத் திருப்பினான். ஆண்களுக்கு வழி மறப்பதில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றால் எல்லோருக்கும் பொரித்த மீன்தான், அதில் பேச்சே இல்லை. ஐந்து மணிக்கே ஹாங்க்கின் பாருக்குப் போனார்கள். வாசலில் ஜனம் கலைந்துகொண்டிருந்தது. ஹாங்க் ஏப்ரனைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றான்.

"பொரிக்கிற அடுப்பு மண்டையைப் போட்டுடுச்சும்மா. இன்னைக்குன்னு பார்த்து! சாண்ட்விச் வேணும்னா போட்டுத் தரேன்."

"இந்தப் பக்கம் வேற எங்க மீன் கிடைக்கும்?" என்றாள் மார்லிஸ்.

"ஊரே இன்னைக்கு மீன்தான் திங்குது, எல்லா இடத்திலயும் வரிசைதான். நேரா பெல்கிக்குப் போங்க. இப்பவே பேரைக் கொடுத்தா ஏழு மணிக்குள்ள மேசை கிடைச்சிடும். பெர்ச் மீனும் உருளைக்கிழங்கு தோசையும் அங்க மாதிரி நானே போடமாட்டேன், இதை என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க."

காரில் ஏறியதும் ஆரின் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"கேபினுக்குப் போயிடலாம். நான் முட்டை பொரிச்சுத் தரேன்."

மார்லிஸ் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். இந்த வாரம் முழுக்க, அந்த ஏரியைச் சுற்றும் சாலையில் பெல்கி இருக்கும் பக்கம் போகாமல் தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். டுவேன் வெளியே வந்ததும் மினசோட்டா பக்கம் போய்விட்டதாக எப்போதோ யாரோ சொல்லியிருந்தார்கள். அவன் அப்பன் செத்துப்போனது பேப்பரில் வந்தது. அங்கே இப்போது யாரோ எவரோ.

"போலாம்," என்றாள். "படகுத்துறையில நின்னேன், ஒண்ணும் ஆகல. அது வெறும் கட்டடம், ஆரின்."

"மார்லிஸ், வேண்டாம்."

"உனக்குக் கஷ்டமா இருக்கா?"

அவள் அவன் கைமேல் கையை வைத்தாள். "நான் இருக்கேன் இல்ல? எடு வண்டியை."

பின்னாளில் அந்த வார்த்தையை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு உடம்பு கூசியது. அவனுக்கு அவள் தைரியம் சொன்னாள்!

பெல்கியில் கார் நிறுத்தும் இடம் நிரம்பியிருந்தது. உள்ளே அதே கட்டைச் சுவர், அதே சிவப்புக் கண்ணாடிக்குள் மெழுகுவத்தி, பாருக்கு மேலே கண்ணாடிக் கண்ணோடு அதே பாடம் செய்த மஸ்கி மீன். வாசலில் இருந்த பெண் பெயரை எழுதிக்கொண்டு, மேசை தயாரானதும் கூப்பிடுகிறேன், பாரில் இருங்கள் என்றாள். கல்யாண வீடு மாதிரி இரைச்சல். மார்லிஸ் ஒரு முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். முடிகிறது, இதுவும் முடிகிறது என்று சொல்லிக்கொண்டாள்.

பாருக்குப் பின்னால் நின்ற பெண் அறுபதை நெருங்கியவள், மூக்கு நுனியில் கண்ணாடி. அவள் ஆரினைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள்.

"அடப்பாவி! உயிரோடதான் இருக்கியா?" குனிந்து ஒரு கண்ணாடித் தம்ளரில் சர்க்கரையையும் ஆரஞ்சுத் துண்டையும் போட்டு நசுக்கத் தொடங்கிவிட்டாள். "வழக்கமானதுதானே, ஆரின்? பிராந்தி, புளிப்பா, செர்ரி கூடாது, ஊறுகாய்க் காளான் ரெண்டு. ஆபரேஷன்னு ராய் சொன்னான். நவம்பர்ல இந்தக் கிழவன் வரமாட்டான்னு நாங்க பந்தயமே கட்டிட்டோம்."

ஆரின் மார்லிஸ் பக்கம் திரும்பினான்.

"இவங்க யாரு? மார்லிஸா? இருங்க, நான் லவெர்ன்." அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு நீட்டினாள். "வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாய்யா, கூட்டிட்டு வாய்யான்னு வருஷா வருஷம் நச்சரிப்பேன். அவளுக்குப் பிரயாணம் ஒத்துக்காதுன்னு ஒரே பாட்டு. உங்களுக்கு என்ன கலக்கட்டும்?"

மார்லிஸ் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வருஷா வருஷம் வர்றாரா?"

"நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிருந்தே வர்றாரே. வேட்டைக்காரனுங்க எல்லாம் குடிச்சு ஆடிட்டுப் போவானுங்க. இவரு மட்டும் அந்தக் கோடியில டுவேனோட உட்கார்ந்து குசுகுசுன்னு பேசிக்கிட்டு…" லவெர்ன் ஆரின் முகத்தைப் பார்த்தாள். கையிலிருந்த தம்ளரைச் சத்தமில்லாமல் பாரின்மேல் வைத்தாள். "டுவேன் உள்ள சமையல்கட்டுலதான் இருக்காரு," என்று மட்டும் மெதுவாகச் சொன்னாள்.

மார்லிஸ் முக்காலியிலிருந்து இறங்கினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனாள்.

வெயில் இன்னும் சாயவில்லை. ஏரி மினுமினுத்தது. அவள் காரின் பக்கவாட்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். பின்னால் ஆரின் காலடி கேட்டது. டாக்டர் வேகமாக நடக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவன் மூச்சிரைத்தது அவளுக்குக் கேட்டது, திரும்பவில்லை.

"மிசிசிப்பி ஆறு," என்றாள்.

"முதல் அஞ்சாறு வருஷம் அங்கதான் போனோம். அப்புறம்தான்…"

"அப்புறம் இவனோட சேர்ந்து குடிக்க வந்தே."

"அவன் குடிக்கறதில்ல. வெளிய வந்ததிலேர்ந்து தொடறதில்ல." ஆரின் கார்க் கதவைத் திறந்து சீட்டின் விளிம்பில் உட்கார்ந்தான். முகம் வெளிறியிருந்தது. "முதல் தடவை வந்தப்ப துப்பாக்கி வண்டியிலதான் இருந்துது, மார்லிஸ். அவன் திரும்பி வந்துட்டான், அப்பனோட கடையை நடத்தறான்னு ராய் வாய்தவறிச் சொல்லிட்டான். இதோ, அந்த மரத்துக்கடியிலதான் வண்டியை நிறுத்தினேன். கையில எடுத்துட்டுப் போறதா, வேண்டாமான்னு உட்கார்ந்திருந்தேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"வெறுங்கையோடதான் போனேன். அவன் தரையைத் துடைச்சிட்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைச் சுவத்துல சாத்திட்டு, கையைத் தொங்கவிட்டு நின்னான். ஓடல. நான் அடிப்பேன்னு எதிர்பார்த்து நின்னான். பக்கத்து நாற்காலியை இழுத்தேன். உட்கார்ந்துட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு, கர்ட்டிஸ் என்ன பேசிட்டிருந்தான்னு கேட்டேன்."

அந்தப் பெயர் அத்தனை வருஷத்துக்கப்புறம் அவன் வாயிலிருந்து வந்தது. மூச்சு அடைக்கும் என்று மார்லிஸ் காத்திருந்தாள். அடைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

"சொன்னானா?"

"சொன்னான். அந்த வாரம் முழுக்க ரெண்டு பேரும் சேர்ந்துதானே சுத்தினாங்க. மீன் பிடிச்சது, பேசினது, சிரிச்சது, எல்லாம். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒண்ணு ஞாபகம் வரும் அவனுக்கு. எனக்காகச் சேர்த்து வெச்சிருப்பான்."

"நீ கேட்டுட்டு வந்தே."

"ஆமா."

"கேட்டுட்டு வந்து, என் எதிர்ல உட்கார்ந்து மான்கறி தின்னே. என் பிள்ளையைப் பத்தி வருஷா வருஷம் புதுசு புதுசா கேட்டுட்டு வந்து, ஒரு வார்த்தை எனக்குத் தரல. நீ மட்டும் வெச்சுக்கிட்டே."

"நீ பேரைக்கூடச் சொல்லவிடலையேம்மா," என்றான் ஆரின். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளைக் குத்தியது. "நான் எங்க போய்ப் பேசறது? அவன் ஒருத்தன்கிட்டதான் பேச முடிஞ்சுது. அந்தப் படுபாவி ஒருத்தன்தான் கிடைச்சான் எனக்கு."

கார் நிறுத்துமிடத்தில் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டே இறங்கி உள்ளே போனது. மார்லிஸ் அவர்கள் போய் முடிக்கும் வரை நின்றாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளப்பை நோக்கி நடந்தாள்.

"மார்லிஸ், எங்க போறே?"

"மீன் தின்ன வந்தோம், இல்லையா?"

மேசை தயாராகியிருந்தது. லவெர்ன் அவர்கள் பெயரை முன்னால் நகர்த்தியிருக்க வேண்டும். ஜன்னலோர மேசை, வெள்ளை விரிப்பு, நடுவில் தட்டில் கேரட்டும் முள்ளங்கியும் செலரித் தண்டும், கிண்ணத்தில் சீஸ், பக்கத்தில் பிஸ்கட்டு. மார்லிஸ் உட்கார்ந்தாள். ஆரின் எதிரில் வந்து உட்கார்ந்தான். வந்து நின்ற பரிமாறும் பெண்ணிடம் மார்லிஸ் சொன்னாள்: "ரெண்டு பெர்ச். அப்புறம் சமையல்கட்டுலேர்ந்து டுவேன் பெல்கியை வரச் சொல்லு."

அவன் வந்தான். அவள் மனத்தில் இருந்தது பழுப்பேறிய தோளும் சட்டை பொத்தானிடாத மார்புமாக ஒரு பையன். வந்தவனுக்கு முன்தலை வழுக்கை, தொப்பை, வெள்ளைக் கோட்டில் எண்ணெய்க் கறை. ஒரு தோள் மற்றதைவிடத் தாழ்ந்திருந்தது. கர்ட்டிஸ் இருந்திருந்தால் அவனுக்கும் இப்போது கிட்டத்தட்ட இந்த வயது. அதை நினைத்ததும் அவள் கண்ணை மேசை விரிப்புக்கு இறக்கிக்கொண்டாள்.

"மிஸஸ் லுண்ட்," என்றான் அவன்.

"என்கிட்ட மன்னிப்பு எதுவும் கேட்காதே. கேட்டா எழுந்து போயிடுவேன்."

"சரி."

"படகுல என்ன நடந்துதுன்னு சொல்லு. கோர்ட்டுல சொன்னது வேண்டாம், அதைக் கேட்டாச்சு. என் பையன் என்ன பேசினான்?"

டுவேன் ஆரினைப் பார்த்தான். ஆரின் தலையாட்டினான்.

"பெர்ச் மீனைப் பத்திதான் பேசிட்டு வந்தான்," என்றான் டுவேன். "காலையில ஒண்ணு தப்பிச்சுப் போச்சாம். போகப் போக அதோட அளவு பெரிசாகிட்டே இருந்துது. நான் கிண்டல் பண்ணினேன். அப்புறம் அந்தத் தீவைச் சுத்தினோம். அப்பதான் வெளிச்சம் குறைஞ்சுது." கையைக் கோட்டில் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான். "திரும்பிடலாம்னான். இருட்டறதுக்குள்ள வந்துடுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, நான் சரின்னுட்டு வந்தேன்னான். ரெண்டு தடவை சொன்னான்."

மார்லிஸுக்கு அது நினைவே இல்லை. எழுந்து போகிற பிள்ளையின் முதுகைப் பார்த்து எந்தத் தாயும் யோசிக்காமல் சொல்கிற வார்த்தை. சொல்லியிருப்பாள். அவன் அதைப் படகுவரைக்கும் கொண்டுபோயிருக்கிறான்.

"நீ திரும்பல," என்றாள்.

"இல்ல. இன்னும் ஒரே ஒரு சுத்துன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"சிரிச்சான். 'எங்கம்மா உன்னைக் கொன்னுடுவாங்க'ன்னான்."

ஆரின் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த மேசையில் யாருக்கோ பிறந்தநாள் பாட்டு பாடினார்கள். பாடி முடித்துக் கைதட்டினார்கள்.

"போ," என்றாள் மார்லிஸ். "போய் வேலையைப் பாரு. உள்ள ஜனம் காத்திருக்கு."

டுவேன் போனான். பெர்ச் வந்தது, எலுமிச்சைத் துண்டோடு, ஆப்பிள் மசியலோடு. தன்னால் ஒரு வாய்கூட முடியாது என்றுதான் மார்லிஸ் நினைத்தாள். ஆனால் முள் கரண்டியை எடுத்தவள் கீழே வைக்கவில்லை. காலையிலிருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. பசி அவளைக் கேட்காமலே தின்றது. அழுதுகொண்டே தின்றாள், மூக்கைத் துணியில் துடைத்துக்கொண்டு தின்றாள். ஆரின் தன் தட்டைத் தொடவில்லை. அவள் கையை நீட்டி அவன் தட்டிலிருந்து உப்புப் போட்ட உருளைக்கிழங்கை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

"மீனைச் சாப்பிடு," என்றாள். "வெறும் வயித்துல மாத்திரை போடக்கூடாது."

மறுநாள் ஊருக்குக் கிளம்பினார்கள். வழியெல்லாம் அவள் அவனிடம் பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பல நாள் பேசவில்லை. அவன் செய்ததில் எது பொறுக்க முடியாதது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. ஒரு நாள் பொய்யை நினைத்துக் கொதித்தாள், இன்னொரு நாள் மரத்தடியில் துப்பாக்கியோடு தனியாக உட்கார்ந்திருந்தவனை நினைத்தாள். ஆகஸ்டு முடிவில், பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது, திரும்பாமலே கேட்டாள்:

"அந்தத் தப்பிச்சுப்போன மீன். கடைசியில எவ்வளவு பெரிசுன்னு சொன்னானாம்?"

ஆரின் பேப்பரை மடித்து வைத்தான். இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டினான். பெர்ச் மீன் எங்கேயும் அவ்வளவு பெரிதாக வளராது. மார்லிஸ் தண்ணீரை நிறுத்திவிட்டு, ஈரக் கையோடு அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டுவேனை அவள் மன்னிக்கவில்லை. ஆரினிடமும் அதைச் சொன்னாள்; டுவேன் மன்னிப்பே கேட்கவில்லை என்றும், கேட்கமாட்டான் என்றும் ஆரின் சொன்னான். பெல்கிக்கு அவள் மறுபடி போகவும் இல்லை. ஆனால் நவம்பரில் ஆரின் கம்பளிச் சட்டைகளை எடுத்து வைக்கும்போது, அவள் அறை வாசலில் வந்து நின்றாள்.

"வேட்டையெல்லாம் வேண்டாம். ராய் சுடட்டும், நீ உட்கார்ந்திரு."

"சரி."

"அந்தக் கடைசிக் கோடையில ராத்திரி இவனுங்க ரெண்டு பேரும் கரையில நெருப்பு மூட்டி உட்கார்ந்திருப்பானுங்க. கர்ட்டிஸ் எதையாவது பாடுவான், எனக்கு அங்க கேபினுக்குள்ள கேட்கும், ஆனா என்ன பாட்டுன்னு தெரியாது. அதை அந்த டுவேன்கிட்ட கேளு."

"கேட்கறேன்."

"ஞாபகம் இல்லன்னான்னா யோசிக்கச் சொல்லு. வேற என்ன வேலை அவனுக்கு?"

ஆரின் திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டிக்கொண்டிருந்தது. பின்கதவு வழியாக வந்தவன் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சமையலறை நடுவில் நின்று, தயங்கித் தயங்கி, சுருதி இல்லாத தொண்டையில் பாடத் தொடங்கினான். மார்லிஸ் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.